மாணிகாவின் இடது கை

அத்தியாயம் 11

சுவார்னி தன் ஓரகத்தியிடம் பேசி நாலு நாளாகிறது. இரண்டு பேரும் ஒரே மதிலுக்குள் இருக்கிறார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். பூசைக்குத் தென்னங்குருத்து பின்ன ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். ஆனாலும் பேச்சில்லை. கத்தி ரஸ்மினியின் பக்கத்தில் கிடந்தால்கூட, "அதைக் கொஞ்சம் எடுங்க" என்று கேட்காமல் எழுந்து சுற்றிப் போய்த் தானே எடுத்துக்கொள்கிறாள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வாக்கியம். போன வாரம் படிக்காதவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மூத்த மருமகள் ரஸ்மினி, இளையவளின் கைக்குழந்தையைப் பார்த்து, "சுவார்னி, மாணிகாவை ஒரு தடவை எங்க இடத்துக்குக் கூட்டிட்டு வாயேன், சும்மா பாத்துரலாம்" என்றாள். அதற்கு இளையவள், "எதுக்கு அக்கா அவ்வளவு தூரம், நீங்க பாக்குற பார்வையே போதும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரஸ்மினிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷனுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பான். குழந்தை இல்லை. அவள் டென்பசாரில் குழந்தைகளுக்கான தெரபி நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். உட்காருவது, எட்டி எடுப்பது, கரண்டி பிடிப்பது, பட்டன் போடுவது என்று மற்றக் குழந்தைகளுக்குத் தானாக வருவதையெல்லாம், வராத குழந்தைகளுக்கு விளையாட்டு மாதிரிப் பழக்கிக் கொடுக்கும் வேலை. ஊரில் அவளுக்குப் 'பொம்மை டீச்சர்' என்று பேர். பொம்மை வைத்து விளையாட யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்காதவர்கள் குறைவு. பிள்ளை இல்லாதவள் அடுத்தவள் பிள்ளையைக் குறை சொன்னால் ஊர் அதற்கு என்ன பேர் வைக்கும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஏன் வாயைத் திறந்தாள் என்றால், இரண்டு மாதமாக அவளால் தூங்க முடியவில்லை.

இன்று மாணிகா பிறந்து இருநூற்றுப் பத்தாவது நாள். எங்கள் பாலியில் அதுதான் முதல் பிறந்த நாள். இந்த வீட்டு வழக்கப்படி குழந்தையின் கால் இன்றைக்குத்தான் மண்ணைத் தொடும். அதுவரை தரையில் விடுவதில்லை. மண் மிதிக்காத பிள்ளை இன்னும் சாமி பக்கத்து ஆள், அதைப் போய்த் தரையில் தவழ விட அது என்ன கன்றுக்குட்டியா என்பார்கள். மடியிலிருந்து மடிக்கு, இடுப்பிலிருந்து இடுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், நன்றாகத்தான் நடக்கிறேன்.

ரஸ்மினியின் குழப்பமே அங்கேதான் ஆரம்பித்தது. அவள் படித்த புத்தகத்தில் குழந்தைகள் குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்குகின்றன. முதலில் தலை நிற்கும், பிறகு முதுகு, பிறகு இடுப்பு. தோள் பலப்பட்ட பிறகுதான் விரல்கள் சொன்னபடி கேட்கும். அந்த வரிசையெல்லாம் தரையிலேயே நடப்பது போலத்தான் எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. நிலையத்துக்கு வரும் தாய்மார்களிடம், "தவழலைன்னு பயப்படாதீங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க தவழாமலே நடக்கும்" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அப்படி இருக்க, சொந்த வீட்டுக் குழந்தையைப் பார்க்கும்போது எந்தக் கண்ணால் பார்க்கிறாள்? படித்த கண்ணாலா, ஊர்க் கண்ணாலா? இல்லை, சுவார்னி சொல்லாமல் சொன்ன அந்த மூன்றாவது கண்ணாலா? இந்தக் கடைசிக் கேள்விதான் அவளை அரித்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். சொல்ல வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. பன்றி வறுபட்டுக்கொண்டிருந்தது. சுவார்னியின் புருஷன் விர்த்தா வெள்ளைச் சட்டையும் தலைக்கட்டுமாக எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன், நகத்தில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும். இன்றைக்கு அதையும் தேய்த்துக் கழுவியிருந்தான். தலைப் பிள்ளை அவனுக்கு.

கோயில் பூசாரி மணியை அடித்து மந்திரம் சொல்லி முடித்ததும், தண்ணீர் நிறைந்த மண் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே வளையல், மோதிரம், நெல், ஒரு சின்னப் பேனா. குழந்தை கையை விட்டு எதை எடுக்கிறதோ, அதை வைத்து ஆளாளுக்கு ஆருடம் சொல்வார்கள். சுவார்னி மாணிகாவை மடியில் வைத்துக்கொண்டு பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழந்தையின் இரண்டு கையும் வெளியே இருந்தன. ரஸ்மினி பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் நின்றாள்.

மாணிகா வலது கையை விட்டு வளையலை எடுத்தாள்.

முற்றம் முழுக்கச் சந்தோஷம். வலது கைக்கு எங்கள் பக்கம் 'இனிப்புக் கை' என்று பேர். பேசத் தெரியாத பிள்ளையிடம்கூட, எதைக் கொடுத்தாலும், "இனிப்புக் கை எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். குழந்தை பீச்சாங்கையை நீட்டினால், தூக்கி வைத்திருப்பவர் அதை மெதுவாகப் பின்னால் இழுத்துவிட்டு, வலது கையை முன்னால் எடுத்து விடுவார். யாரும் திட்ட மாட்டார்கள். நாளைக்கு இருபது தடவை இப்படி நடக்கும். இந்த ஊரில் எல்லாருடைய மரியாதையும் இப்படி வந்ததுதான்.

விர்த்தாவின் மூர்னி அத்தை ஒரு மோதிரத்தை நீட்டினாள். மாணிகா கையிலிருந்த வளையலைக் கீழே போட்டாள், அதே கையால் மோதிரத்தை வாங்கினாள். அத்தை வளையலைத் திரும்ப எடுத்து நீட்டினாள். மோதிரம் விழுந்தது, வளையல் போனது. மூன்றாவது தடவையும் அப்படியே நடந்தது.

பேராசை இல்லாத பிள்ளை என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்மினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏழு மாதக் குழந்தை ஒரு கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று கிடைத்தால், முதலில் இருப்பதை மற்றக் கைக்கு மாற்றும். இல்லாவிட்டால் மற்றக் கையை நீட்டும். எந்த ஊர்க் குழந்தையானாலும், தரையில் வளர்ந்தாலும் இடுப்பில் வளர்ந்தாலும், பேராசை அந்த வயதில் கட்டாயம் இருக்க வேண்டும். மாணிகாவின் இடது கை மடியில் கிடந்தது. கட்டை விரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன் மேல் மூடியிருந்தன.

"யாருமே சொல்லிக் கொடுக்கல அத்தை," என்று விர்த்தா பெருமையோடு சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "இவ கைய நாங்க ஒரு நாள்கூட இழுத்து விட்டதில்ல. பொறக்கும்போதே மரியாதையோட பொறந்துருக்கா."

அதைக் கேட்டதும் ரஸ்மினி பூத்தட்டைக் கீழே வைத்தாள். ஊரே இழுத்து இழுத்து அடக்கியதால் இந்தக் கை நீட்டப் பயப்படுகிறதோ என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இழுத்தே விட்டதில்லை என்றால் அது போயிற்று. இருபது தடவை இழுத்து விட வேண்டிய கையை ஒரு தடவைகூட இழுக்க வேண்டி வரவில்லை என்றால், அந்தக் கை ஒரு தடவைகூட நீண்டதில்லை.

பிறகு மாணிகாவின் பாதத்தை மண்ணில் வைத்தார்கள். மேளக்காரர் அடித்தார். குழந்தை சிரித்தது. சுவார்னி சிரிக்கவில்லை என்பதை ரஸ்மினி கவனித்தாள். பாதத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பாயில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வலது பக்கம் சாய்ந்தபோது கை தானாக ஊன்றியது. இடது பக்கம் சாய்ந்தபோது ஒன்றும் ஊன்றவில்லை, கன்னம் போய்ப் பாயில் இடித்தது. அழுதாள். தூக்கிக்கொண்டார்கள். இந்த வயதில் பக்கவாட்டில் ஊன்றாமல் விழுகிற பிள்ளைகள் எத்தனையோ உண்டு, இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ரஸ்மினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. ஆனால் அவள் மனசு கேட்கவில்லை.

அவளிடம் இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சுவார்னி பிள்ளையைத் தூக்கும் விதம்தான் அது. எல்லாத் தாய்மாரும் இடது இடுப்பில் வைப்பார்கள், தங்கள் வலது கை வேலைக்கு வேண்டுமே. அப்படி வைத்தால் குழந்தையின் வலது கை தாயின் முதுகுப் பக்கம் போய்விடும், இடது கை முன்னால் வரும். சுவார்னி மட்டும் வலது இடுப்பில் வைப்பாள். சமையல், கோழிக் கூடை, கடை எல்லாவற்றையும் இடது கையாலேயே தட்டுத் தடுமாறிச் செய்வாள். அப்படி வைத்தால் குழந்தையின் இடது கைதான் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டிக் கிடந்தால் எந்தக் கைதான் வேலை கற்கும்? இடுப்பை மாற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடலாம். அதைச் சொல்லத்தான் ரஸ்மினி அன்று மதியம் சாமான் அறைக்குப் போனாள். சுவார்னி அங்கே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவளைப் பார்த்ததும் சுவார்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஸ்மினி வாசலிலேயே நின்றபடி, அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றாள். குறை கண்டுபிடிக்க வரவில்லை, தூக்கும் பக்கத்தை மட்டும் மாற்றிப் பார், எல்லாரையும் போல இடது இடுப்பில் வை, கை வெளியே வரட்டும், பத்து நாள் பார்ப்போம், நான் சொன்னது தப்பாக இருந்தால் இனிமேல் வாயே திறக்கமாட்டேன் என்றாள். பேசப் பேச அவளுக்கே தன் பேச்சில் நம்பிக்கை வந்தது.

சுவார்னி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்து குழந்தையின் நெற்றியில் பட்டது.

"இடுப்பு மாத்தினதால கை மடங்கல அக்கா," என்றாள். "கை மடங்கினதாலதான் நான் இடுப்ப மாத்தினேன்."

ரஸ்மினி உள்ளே வந்தாள். அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் மாதமே தெரியுமாம். குளிப்பாட்டும்போது வலது கை விரிந்தது, இடது கை விரியவில்லை. விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத்தான் உள்ளங்கையைத் துடைக்க வேண்டியிருந்தது. புளித்த பால் வாசனை அடிக்குமாம். யாரும் பார்க்காதபடி அந்தப் பக்கத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பார்ப்பவர்கள், எவ்வளவு மரியாதையான குழந்தை என்று சொல்லச் சொல்ல, அதை மறுத்துச் சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு அவர்கள் சொல்வதே உண்மையாக இருக்குமோ என்றும் நினைக்க ஆரம்பித்தாள். இதையெல்லாம் அவள் விட்டு விட்டுச் சொன்னாள்.

"மண்ணத் தொட்டா தெறந்துரும்னு நெனச்சேன். இன்னும் சாமி பக்கத்து ஆள்தானே, எல்லாம் இன்னைக்குச் சரியாயிரும்னு நாள எண்ணிக்கிட்டே இருந்தேன். இன்னைக்குத் தொட்டுட்டா. கை அப்படியேதான் இருக்கு."

இந்த இடத்தில் ரஸ்மினி ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். என் கையில் பேனா இருக்கிறது, சொல்ல வைத்திருக்கலாம். ஆனால் அவளுக்கே அப்போது ஆறுதல் தேவைப்பட்டது. தான் தேடி வந்த கடைசிச் சாக்கும் போய்விட்டதே என்ற பயம்தான் இருந்தது. வலது கைப் பழக்கமோ இடது கைப் பழக்கமோ ஒரு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். ஏழு மாதத்தில் ஒரு கை மட்டும் வேலை செய்தால் அது அந்தக் கையின் கெட்டிக்காரத்தனம் இல்லை, மற்றக் கையின் கஷ்டம். இதை முதல் வருஷப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அவள் இரண்டு மாதமாக அதை மறக்கப் பார்த்தாள்.

"தெறக்குமா அக்கா?"

"தெரியல. இதுக்கு நான் பேர் வைக்க முடியாது, டாக்டர்தான் பாக்கணும். பழக்கினா எவ்வளவோ வரும். சின்ன வயசுல மூளை புதுசு புதுசா வழி கண்டுபிடிக்கும். எவ்வளவு வரும்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது."

"மூணாம் மாசமே சொல்லியிருந்தா?"

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. விர்த்தா நின்றுகொண்டிருந்தான். குழந்தையைப் பார்க்கத் தூரத்து உறவினர் வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட வந்தவன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவன் சுவார்னியிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தான்.

"நீங்க எப்ப பாத்தீங்க அண்ணி?"

"ரெண்டு மாசமா."

"ஆக, வீட்டுல ரெண்டு பேருக்குத் தெரியும். நான் மட்டும் காலையில இருந்து ஊரக் கூட்டி வச்சுப் பெருமை அடிச்சுக்கிட்டு இருந்துருக்கேன்."

அவன் குரலை உயர்த்தவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பட்டறையில் இறுகிப்போன திருகாணியைக் கழற்றுகிறவன், இதற்கு மட்டும் பலம் கொடுக்கப் பயந்தான். உள்ளங்கை ஈரமாக, வெளுத்துப்போய் இருந்தது. அவன் விட்டதும் விரல்கள் திரும்ப மூடிக்கொண்டன. மாணிகா அப்பாவின் தலைக்கட்டைப் பிடித்து இழுத்தாள், வலது கையால்.

உங்கள் இடம் நாளைக்கு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டான். எட்டு மணி என்றாள் ரஸ்மினி. நான் கூட்டிப்போகிறேன், இவள் வர வேண்டாம், நீங்களும் அங்கே இருக்க வேண்டாம், லீவு போட்டுவிடுங்கள் என்றான்.

"போ, தடுக்கல," என்றாள் ரஸ்மினி. "ஆனா அங்க முதல்ல கேக்குறது, இத எப்ப பாத்தீங்கன்னுதான். நீ என்ன சொல்லுவே தம்பி?"

"இன்னைக்குன்னு சொல்லுவேன். எனக்கு இன்னைக்குத்தானே தெரியும்."

"அப்படிச் சொல்லாத. ஏழு மாசம் நல்லா இருந்த கை இன்னைக்குப் போச்சுன்னா அவங்க வேற எதையாவது தேடுவாங்க. முதல்லருந்தே இருந்துச்சுன்னா தேடுற எடமே வேற. நாள் தப்பாச்சுன்னா பிள்ளைக்குத்தான் நேரம் போகும்."

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? பெத்தவ மறைச்சா, அண்ணி பாத்துக்கிட்டு இருந்தான்னா?"

பதிலுக்குக் காத்திராமல் குழந்தையோடு வெளியே போய்விட்டான். அவன் சுவார்னியைக் காப்பாற்றப் போகிறானா, தள்ளிவைக்கப் போகிறானா என்று ரஸ்மினிக்குப் புரியவில்லை. அவனுக்கே புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முற்றத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் தோளில் குழந்தையைப் பார்த்ததும் மூர்னி அத்தை இலையிலிருந்து ஒரு துண்டுப் பணியாரத்தை எடுத்தாள். புதிதாக வந்தவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். "இனிப்புக் கை எங்கே?" என்றாள். மாணிகா வலது கையை நீட்டி வாங்கினாள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா, எந்தத் தாய் இவ்வளவு அழகாகப் பழக்கியிருக்கிறாள் என்று கேட்டார்கள்.

விர்த்தா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ரஸ்மினி அறையிலிருந்து வெளியே வருவதற்குள் சுவார்னி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். பூசைக்குக் கட்டிய இடுப்புத் துணி அவிழ்ந்து தொங்கியது, அதைக் கட்டிக்கொள்ளவில்லை. இலைகளுக்கு நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் போய் நின்றாள்.

"நான் பழக்கல அத்தை," என்றாள். "அவளுக்கு அந்தக் கை மட்டும்தான் வருது. மூணாம் மாசத்துலருந்து எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்."

அத்தை நீட்டிய கையைக் கீழே இறக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் ஒருத்தி மெதுவாகத் திரும்பி ரஸ்மினியைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள்.

சுவார்னி யாரையும் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். "நாளைக்கு மூணாம் மாசம்னு சொல்லுங்க," என்றாள். "என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க. நாள மட்டும் மாத்தாதீங்க."

விர்த்தா குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் ஏந்திக்கொண்டான். வரிசையாகப் போட்டிருந்த இலைகளைத் தாண்டி அவளை நோக்கி நடந்தான். எதற்கு வருகிறான் என்று தெரியாமலே சுவார்னி இரண்டு கையையும் நீட்டினாள்.